பச்சைத் துணி கட்டிய வால்வு

இருபத்திரண்டு வருடமாகக் கண்டக்டராக இருப்பவனால், ஒரு படகில் ஆட்கள் கன்னாபின்னாவென்று நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. போர்ட் பிளேர் படகுத்துறையில் ஏறியவுடனேயே எனக்குக் கை பரபரவென்று வந்துவிட்டது. முன்னால் எட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் இரண்டு பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னால எடம் கெடக்குல்ல" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. எல்லாம் இந்தி பேசுகிற கூட்டம், ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் மறுபேச்சில்லாமல் பின்னால் நகர்ந்தார்கள்.

என் மனைவி பாண்டீஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். "இங்கயுமா? அருப்புக்கோட்ட திருச்சுழி பஸ்ஸுன்னு நெனப்பா ஒங்களுக்கு?"

நாங்கள் போய்க்கொண்டிருந்த இடம் நார்த் பே. பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கம் தென்னை மரங்களும் கடலுமாக ஒரு படம் இருக்குமே, அந்த இடம்தான். எத்தனை ஆயிரம் தடவை அந்த நோட்டை வாங்கிப் பைக்குள் திணித்திருப்பேன், அதில் கடல் இருக்கிறது என்பதே படகுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பயணம் முழுக்க எங்கள் மகள் தங்கச்செல்வியின் ஏற்பாடு. சென்னையில் வேலை பார்க்கிறாள். "கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல நீங்க ரெண்டு பேரும் சேந்து போன தூரமான ஊரு எது தெரியுமா? மதுரை கண்ணாஸ்பத்திரி" என்று ஒரு நாள் போனில் சத்தம் போட்டாள். அதுவும் எனக்குக் கண் பார்க்கப் போனதுதான்.

பாண்டீஸ்வரி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். தண்ணி நாளுக்குள் திரும்பிவிட வேண்டும். எங்கள் தெருவில் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வரும், இரண்டு மணி நேரம் வரும். பகலா ராத்திரியா என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிக்கிறவர்கள்கூட ஐயரிடம் கேட்பதற்கு முன்னால் தண்ணி எப்போது என்று எதிர்வீட்டில் கேட்டுக்கொள்வார்கள். ஏழாம் தேதி வந்திருந்தது, அடுத்தது பத்தொன்பது. அதனால் பதினொன்றில் கிளம்பிப் பதினேழில் திரும்புகிற மாதிரி டிக்கெட் போடச் சொன்னாள். விமானக் கம்பெனிக்கு இதெல்லாம் தெரியாது, பாவம்.

கிளம்புகிற அன்று வீட்டைப் பூட்டிவிட்டு அவள் சொன்னாள்: "இந்த ஆறு நாளும் எங்கிட்ட யாரும் தண்ணி வந்துச்சா, நெறஞ்சுச்சான்னு வாயத் தெறக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

அவளுக்கு அந்தமானில் வேறு எதுவும் வேண்டியதில்லை. ஜெயில் பார்க்கக் கூட்டிப்போனேன், கொட்டாவி விட்டாள். ஸ்நார்க்கலிங்தான் வேண்டும். மகள் போனில் வீடியோ காட்டியிருக்கிறாள். முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கவ்விக்கொண்டு கடலில் குப்புற மிதப்பார்கள், கீழே பவளமும் மீனும் தெரியும். "மீனு பக்கத்துல வந்து நம்ம மூஞ்சியப் பாத்துட்டுப் போகுமாம்ல" என்று ஒரு மாதமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பிறந்த ஊர் திருச்சுழிக்குப் பக்கத்தில். வானம் பார்த்த பூமி. ஆனாலும் அந்த ஊரில் ஒரு பெரிய கிணறு உண்டு. மழை பெய்த வருடத்தில் மேலேயிருந்து தலைகீழாகப் பாய்வாளாம், பையன்களே ஒதுங்கி நிற்பார்களாம். என்னைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தபிறகு நீச்சலாவது ஒன்றாவது. உடம்பு முழுக்க முங்குகிற அளவுக்குத் தண்ணீரை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஒரு வாளியில் குளித்து, அதே வாளித் தண்ணீரில் வாசலும் தெளிக்கிற வித்தை அவளுக்குத் தெரியும்.

கரைக்குக் கொஞ்சம் தள்ளிப் படகை நிறுத்தினார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் பெயர் முத்துராஜ். நாற்பது வயதிருக்கும், தாத்தா காலத்தில் பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களாம். தமிழில் பேசியவுடன் எனக்குப் போன உயிர் வந்தது. ஆளுக்கு அரை மணி நேரம், இரண்டிரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும் என்றார். எங்களுக்குக் கடைசி முறை. மறுநாள் காலையில் விமானம். இன்றைக்கு விட்டால் அவளுக்கு இந்த ஜென்மத்தில் கிடையாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இன்னொரு தடவை வரலாம் என்று சொல்லிக்கொள்கிற குடும்பம் இல்லை எங்களுடையது.

ஏணியில் நின்று முகத்தை முக்கியதுமே எனக்கு மாட்டிய கண்ணாடிக்குள் தண்ணீர் சரசரவென்று ஏறியது. இறுக்கிப் பார்த்தார், மறுபடியும் ஏறியது. முத்துராஜ் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீசைதாண்ணே வழி விடுது. எடுத்துட்டா ஒட்டிக்கும். படகுல பிளேடு இருக்கு" என்றார்.

"மீசைய எடுத்துட்டு எந்த மூஞ்சியோட ஊருல போயி பஸ்ஸுல ஏறுறது?" என்று கேட்டேன்.

"நீங்க மேலயே இருங்க" என்றாள் பாண்டீஸ்வரி. தன் போனையும் கைப்பையையும் என் மடியில் வைத்தாள். மகள் வாங்கிக்கொடுத்த பேண்டும் சட்டையும், மேலே ஆரஞ்சு நிறத்தில் மிதவை ஜாக்கெட்டும் போட்டிருந்தாள். சுங்கடிச் சேலை தவிர வேறு எதையும் கட்டி நான் பார்த்ததில்லை. முதலில் வெட்கப்பட்டவள், ஏணியைப் பிடித்ததும் வெட்கத்தை மறந்துவிட்டாள். இரண்டு படி இறங்கியிருப்பாள், மடியில் இருந்த அவள் போன் அடித்தது.

"யாருங்க?"

திரையில் 'எதுத்த வீடு' என்று வந்தது. எதிர்வீட்டு ராஜேஸ்வரி. தெருக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறாள் என்று பாண்டீஸ்வரி சண்டை போட்டு, இரண்டு பேருக்கும் மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. போனில் பெயரைக்கூட மாற்றி வைத்துவிட்டாள். பேசாதவள் பகல் பதினோரு மணிக்கு எதற்குக் கூப்பிடுகிறாள்? பெயரைச் சொன்னால் இறங்கியவள் ஏறி வந்துவிடுவாள்.

"லோனு குடுக்குற கம்பெனிக்காரன்" என்றேன்.

"வேணாம்னு வைங்க" என்று சொல்லிவிட்டு அவள் கடலில் விழுந்தாள். இறங்கினாள் என்று சொல்லக்கூடாது, விழுந்தாள். நாற்பத்தாறு வயதில் அப்படி ஒரு குதி. படகில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

போனை எடுத்தேன்.

"அண்ணே, எதுத்த வீட்டு ராஜேஸ்வரி பேசுறேன். தண்ணி வந்துருச்சு."

"என்னம்மா சொல்ற? பத்தொம்பதாந் தேதிதான?"

"அது தண்ணிக்குத் தெரியுமா? வந்துருச்சு. ஒங்க வீட்டுக் கேட்டு பூட்டிக் கெடக்கு. மதினி எங்க?"

"மதினி கடலுக்குள்ள இருக்கா."

"அய்யய்யோ!"

"விழுகலம்மா. காசு குடுத்து எறங்கியிருக்கா."

ராஜேஸ்வரி காசு கொடுத்துக் கடலில் இறங்குவதை மனசுக்குள் வைத்துப் பார்த்திருப்பாள் போல. பிறகு, "சரி, நான் செவரேறிக் குதிச்சுத் தெறந்து விடுறேன். எப்பிடின்னு சொல்லுங்க" என்றாள்.

"நீ மதினிகூடப் பேச மாட்டியே?"

"பேசாம இருக்கது வேற. தண்ணி வேறண்ணே."

எங்கள் தெருவில் எழுதாத சட்டம் அது ஒன்றுதான். வெட்டுக்குத்து என்றாலும் சரி, தண்ணி வந்தால் கதவைத் தட்டிச் சொல்லிவிட வேண்டும்.

சரியாகத் தெரியட்டும் என்று வீடியோவில் கூப்பிட்டாள். படகில் சிக்னல் நன்றாக இருந்தது, எதிர்க்கரையில்தான் போர்ட் பிளேர். திரையில் முதலில் வானம் வந்தது. பிறகு ராஜேஸ்வரியின் முழங்கை. பிறகு ஒரு ஸ்டூலின் கால். "ஆத்தாடி, முருகா" என்று ஒரு சத்தம், தொப்பென்று இன்னொரு சத்தம். அவள் என்னைவிடக் கனமான ஆள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புனேக்காரப் பெரியவர் ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் போனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"பானி" என்று அவருக்கு விளக்கினேன். எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான்.

அவர் கடலைக் கையால் காட்டி, இத்தனை பானி இருக்கிறதே என்பதுபோல் பார்த்தார். எங்கள் ஊர் நிலைமையைச் சொல்ல எனக்கு இந்தி போதாது.

எங்கள் வீட்டு வாசலில் மூன்றடிக்கு ஒரு குழி உண்டு. மேலே வைத்தால் தண்ணீர் ஏறாது என்பதால் தெருவில் எல்லா வீட்டிலும் குழி தோண்டித்தான் குழாயை இறக்கியிருக்கிறோம். ராஜேஸ்வரி உள்ளே இறங்கிப் போனைத் தாழ்த்திக் காட்டினாள். மூன்று வால்வு இருந்தது. ஒன்றில் சிவப்புத் துணி, ஒன்றில் பச்சை, ஒன்றில் மஞ்சள், எல்லாம் பழைய சேலைக் கிழிசல்.

"இதுல எதத் தெறக்கணும்ணே?"

நான் முழித்தேன். மூன்று வால்வு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இருபத்தாறு வருடத்தில் ஒரு முறைகூட நான் தண்ணி பிடித்ததில்லை. டூட்டி, ஓவர் டூட்டி, டூட்டி இல்லாத நாளில் தூக்கம். குளிக்கப் போனால் வாளி நிறைந்திருக்கும், சாப்பிட உட்கார்ந்தால் செம்பு நிறைந்திருக்கும். அது எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"இரு தாயி, மதினியக் கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து நின்றேன்.

இருபது அடி தூரத்தில் மிதந்துகொண்டிருந்தாள். பிடித்துக்கொள்ளக் கொடுத்த மிதவை வளையத்தைக்கூட விட்டுவிட்டாள். முத்துராஜ் பக்கத்தில் சும்மாதான் நின்றார். குழாயின் நுனி மட்டும் மேலே தெரிய, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அசையாமல் கிடந்தாள். நான் கூப்பிடுவதற்கு வாயைத் திறந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து ராஜேஸ்வரிக்குக் கை நழுவி, போன் திரும்பி, ஜன்னலுக்குக் கீழே இருந்த சுவரைக் காட்டியது.

அந்தச் சுவருக்கு மட்டும் வெள்ளையடிக்க விடமாட்டாள் பாண்டீஸ்வரி. கேட்டால், "அது கெடக்கட்டும்" என்பாள். சுண்ணாம்புக் காசை மிச்சம் பிடிக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். சுவர் முழுக்கக் கரித்துண்டால் எழுதியிருந்தது, நான் ஒரு நாளும் நின்று படித்ததில்லை. தேதி, மணி, தேதி, மணி. ஒவ்வொரு தண்ணிக்கும் ஒரு வரி. சில வரிக்குப் பக்கத்தில் ஒரு சொல். 'ராத்திரி 2–4.' 'செல்வி பரீட்சை.' '103 காச்சல்.' 'தீவாளி.' பெரிய எழுத்தில் எழுதாமல், மற்றதைப் போலவே சின்னதாக ஒரு வரி இருந்தது: 'காலை 5–7. அம்மா.'

"ராஜேஸ்வரி, ஆட்டாமப் பிடி" என்றேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. என் மாமியார் இறந்துபோன தகவல் விடியற்காலை வந்தது. நான் திருச்சுழியில் டூட்டியில் இருந்தேன், நேராக அங்கே போய்விட்டேன். பாண்டீஸ்வரி ஒன்பது மணிக்குத்தான் வந்து இறங்கினாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். அத்தனை பேருக்கு முன்னாலும் நான் கேட்டேன்: "பெத்த தாயி செத்துக் கெடக்கா, சீவிச் சிங்காரிச்சு வாரதுக்கு இம்புட்டு நேரமா?" அவள் என்னைத் தாண்டிப் போய்த் தாயின் காலடியில் உட்கார்ந்தாள். அன்றைக்குக் காரியத்துக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் குடம் குடமாக ஆட்டோவில் தண்ணீர் போனது. எங்கேயிருந்து வந்தது என்று அன்றைக்கும் நான் கேட்கவில்லை.

படகில் நின்றுகொண்டு எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, புனேக்காரர் பார்க்கிறார் என்று அடக்கிக்கொண்டேன்.

"என்னண்ணே சத்தத்தக் காணோம்? தண்ணி ஓடுது, சீக்கிரம் சொல்லுங்க" என்றாள் ராஜேஸ்வரி.

கூப்பிட்டால் பாண்டீஸ்வரி ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவாள். ஆனால் அதோடு அவள் அரை மணி நேரம் முடிந்தது. ஏணியில் ஏறி, போனைப் பிடுங்கி, தண்ணி நின்று போகிற வரைக்கும் விடமாட்டாள். இன்றைக்குத் தேதியையும் பக்கத்தில் 'கடல்' என்ற சொல்லையும் ஊருக்குப் போய்ச் சுவரில் எழுதுவாள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் மேலே வருகிற வரைக்கும் அவளிடம் தண்ணி என்ற சொல்லைச் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

முடிவு நல்ல முடிவுதான். அடுத்து எடுத்ததுதான் கண்டக்டர் முடிவு. பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் நிற்க வேண்டும். இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

"பச்சையத் தெற" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. மதினி செவப்பத் தெறந்து நான் பாத்த மாதிரி இருக்கு."

"செவப்ப எவளாச்சும் தெறப்பாளா? சொன்னதச் செய்யி ராஜேஸ்வரி."

அவள் பச்சையைத் திறந்தாள். குழாய் குமுறியது, தண்ணீர் எங்கேயோ சலசலவென்று விழுகிற சத்தம் கேட்டது. வெற்றி. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. புனேக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அரை மணி முடிந்ததும் முத்துராஜ் படகோரம் நீந்தி வந்தார். "அண்ணே, டைம் ஆச்சு. அக்கா வர மாட்டேங்குறாங்க. தோளத் தட்டுனா கையத் தட்டி விடுறாங்க."

"என் முறை அரை மணி அப்பிடியே கெடக்குல்ல? அத அவளுக்குப் போட்டு விடுங்க."

"அது உங்க பேருல இருக்குண்ணே."

ஒருத்தர் டிக்கெட்டில் இன்னொருத்தர் வரக்கூடாது என்று இருபத்திரண்டு வருடம் ஊரோடு சண்டை போட்டவன் நான். காரியாபட்டியில் ஒரு தடவை அதற்காக வண்டியையே நிறுத்தியிருக்கிறேன். "புருசன் டிக்கெட்டுல பொண்டாட்டி வரலாம்" என்று கூசாமல் சொன்னேன். முத்துராஜ் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்து ஏறி வந்தாள். கண்ணைச் சுற்றிக் கண்ணாடி அழுத்திய தடம், உதடு வெளுத்துப் போயிருந்தது. துண்டைக் கொடுத்தேன், வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, மஞ்சளும் கறுப்புமா ஒண்ணு வந்துச்சுங்க, இம்புட்டுப் பெருசு. என் மூஞ்சிக்கு நேரா நின்னு பாத்துச்சு. நானும் பாத்தேன். அது போகவே இல்ல. கீழ ஒரு பூ மாதிரி இருந்துச்சு, அதுக்குள்ள குட்டி குட்டியா ஒளியுது, வருது, ஒளியுது, வருது. எங்க ஊருக் கெணத்துல கண்ணத் தெறந்தா ஒரே பச்சையாத்தான் தெரியும். இங்க அடியில கெடக்க மண்ணுகூட எண்ணிரலாம் போலருக்கு. எனக்கு வரவே மனசில்லங்க."

இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல அவள் பேசி நான் கேட்டதில்லை. வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசிப் பேசி ஓய்ந்தபிறகு துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு கேட்டாள்: "நீங்க இம்புட்டு நேரமா மேல என்ன செஞ்சீக?"

"தண்ணி பிடிச்சேன்."

துண்டு நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். ராஜேஸ்வரி சுவர் ஏறியதைச் சொன்னேன், குழியைச் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"எந்த வால்வு?"

"பச்ச."

"பச்சையா?"

"பச்சன்னா போலாம்ல?"

கண்ணை மூடித் திறந்தாள். "செவப்பு குடிக்க. மஞ்ச சமையலுக்கு. பச்ச, கொல்லப்பக்கத்து உப்புத்தண்ணித் தொட்டிக்கு. கக்கூஸுக்கு ஊத்துற தொட்டி."

புனேக்காரருக்கு என் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து படகின் மறுபக்கம் போய்விட்டார்.

"பன்னெண்டு நாளைக்குக் குடிக்கக் கேன் தண்ணி. கக்கூஸுக்கு மட்டும் நல்ல தண்ணி. ராசா கணக்கா" என்றாள். குரலில் கோபம் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. "ஒரு சத்தம் குடுத்திருந்தா மேல வந்து சொல்லிருப்பேன்ல? ஏன் கூப்பிடல?"

"நீ மீனு பாத்துக்கிட்டிருந்த."

அவள் என்னைப் பார்த்தாள்.

"செவத்துல எழுதியிருந்ததப் பாத்தேன் பாண்டீஸ்வரி. அத்த செத்த அன்னைக்கு... எனக்குத் தெரியாது. நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது."

படகுக்காரர் எஞ்சினைக் கிளப்பினார். அவள் திரும்பிக் கடலைப் பார்த்தபடி இருந்தாள். முகத்தை ஒரு தடவை துண்டால் துடைத்துக்கொண்டாள், கடல் தண்ணியா கண்ணீரா என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள்.

"இன்னைக்குத் தேதி பதினாறு. அடுத்த தண்ணி இருவத்தெட்டுக்கு வரும். முன்னப்பின்ன ரெண்டு நாளு சேத்து லீவு சொல்லிருங்க."

"எதுக்கு?"

"நீங்கதான் பிடிக்கணும். நான் சென்னையில செல்விகிட்டப் போயி ஒரு வாரம் இருக்கப் போறேன்."

"சரி" என்றேன். "எதும் சந்தேகம்னா ஒனக்குப் போனு போட்டுக் கேட்டுக்கிறேன்."

"போடுங்க" என்றாள் பாண்டீஸ்வரி. "நான் எடுக்க மாட்டேன்."